கொடும்பாவிக்குக் கட்டிய சேலை

வெள்ளைத்தாய் என் கூடப்பிறந்த அக்கா. அவள் யாரையும் கொல்லவில்லை. யார் வீட்டுக் கோழியையும் திருடவில்லை. ஏர் பிடித்து உழுதாள், அவ்வளவுதான். அதற்காக எங்கள் ஊர் வைக்கோலில் ஒரு பொம்பளையைச் செய்து, அதற்கு அவள் சேலையைக் கட்டி, காலில் கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்தது. அவள் உயிரோடு வீட்டுக்குள் இருக்கும்போதே வாசலில் நின்று அவளுக்கு ஒப்பாரி வைத்தார்கள். இழுத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். மெதுவாகச் சொல், கோபப்படாமல் சொல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கோபப்படாமல் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தத்துக்குத் தெற்கே, வெம்பக்கோட்டை போகிற பாதையில் இருக்கிறது. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வானம் பார்த்த கரிசல். ஐப்பசியில் மழை விழுந்தால் கம்பும் பருத்தியும் உண்டு. விழாவிட்டால் அடுத்த ஐப்பசிவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எங்கள் அய்யா கண்ணுச்சாமிக்கு ஊருக்கு மேற்கே ஒரு காடு இருந்தது. காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை, விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நல்ல கறுப்பு மண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தக் காட்டுக்கு அப்புறம் அய்யாவுக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர். அக்காவும் நானும். ஆண்பிள்ளை பிறக்கவில்லை. எங்கள் ஆத்தா ராக்காயி தண்ணீர் எடுக்கப் போனால், "ரெண்டும் பொட்டையாப் போச்சே ராக்காயி" என்று பாவப்படுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பக்கத்திலேயே குடத்தோடு நின்றுகொண்டிருப்போம். எங்களுக்குக் காது கேட்கும் என்று ஒருத்திக்கும் தோன்றாது.

வளரும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் ஆகாது, ஆகாது, ஆகாது. பொம்பளைப் பிள்ளை சீட்டியடித்தால் வீடு விளங்காது. வாசற்படியில் நின்றால் லட்சுமி வெளியே போய்விடுவாள். காலை நீட்டி உட்கார்ந்தால் குடும்பத்துக்குக் கேடு. ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்திருக்கும் முன்னால் பானையில் கை வைத்தால் பஞ்சம் வரும். ஏன் என்று கேட்டால், ஏன் என்று கேட்பதும் பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது. நான் எல்லாவற்றையும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? லட்சுமி என்னால் வெளியே போய்விடக் கூடாதே என்று வாசற்படியை ஓடியே தாண்டுவேன்.

இதில் பெரிய ஆகாது, ஏர். காட்டில் எல்லா வேலையும் பொம்பளை செய்யலாம். எருக்கூடை சுமக்கலாம். ஏருக்குப் பின்னாலேயே நடந்து அது கீறிய சாலில் விதை போடலாம். களை வெட்டலாம், கதிர் அறுக்கலாம், வெயிலில் முதுகு உரிய உரியப் பருத்தி எடுக்கலாம். மேழியை மட்டும் தொடக் கூடாது. மேழி என்பது உழுகிறவன் கையில் பிடிக்கிற பிடி. ஒரு முழக் கட்டை. அதை ஒரு பொம்பளை தொட்டால் வானம் கண்ணை மூடிக்கொள்ளும் என்றார்கள். பூமியும் பொம்பளையாம், பொம்பளையைப் பொம்பளை கீறக் கூடாதாம்.

"ஆம்பளை கீறினா மட்டும் பூமிக்கு வலிக்காதா ஆத்தா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். ஆத்தா கையில் இருந்த அகப்பையால் அடித்தாள். அகப்பை உடைந்தது. அதற்கும் அக்காதான் திட்டு வாங்கினாள்.

என் கதை வேறு. நான் சமைவதற்கு முன்னாலேயே என்னைப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் கஞ்சித் தூக்குவாளியோடு ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாக நடப்போம். ஓலைக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டுவோம், திரி செருகுவோம். சாயந்தரம் திரும்பும்போது கையெல்லாம் வெள்ளிப் பொடி ஒட்டி மினுங்கும். சோற்றைப் பிசைந்தால் சோறும் மினுங்கும். எங்கள் ஊர் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு சீசனில் மருந்து பற்றி இரண்டு கையும் வெந்துபோயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "அவ விதி" என்றார்கள். மறுநாள் அவள் இடத்தில் அவள் தங்கச்சி உட்கார்ந்தாள். ஆக, பொம்பளைப் பிள்ளை வெடிமருந்தைத் தொடலாம். அதில் யாருக்கும் ஒரு சாபமும் இல்லை.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகிற சமயம் அது. புரட்டாசியில் வண்டி குடைசாய்ந்து அய்யாவுக்குக் கால் ஒடிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கட்டிலில் கிடத்தினார்கள். ஐப்பசி பிறந்ததும் ஒரே ஒரு நல்ல மழை. கரிசலில் அந்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். ஊரில் எல்லா ஏரும் அவரவர் காட்டில். எங்கள் காளைகள் இரண்டும் தொழுவத்தில் நின்று அசைபோட்டன.

எங்கள் பெரியப்பா மகன் கருத்தப்பாண்டி. அவருக்கு இரண்டு ஏர். ஆத்தா போய்க் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"எங்க காடு முடியட்டும் சின்னம்மா. முடிச்சுட்டு ஏரைக் கொண்டாரேன்."

"அதுக்குள்ள ஈரம் காஞ்சு போகுமேப்பா."

"காஞ்சா என்ன? அடுத்த வருசம் மளை பெய்யாமலா போயிரும்? நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீக. ரெண்டும் பொட்டப் பிள்ளைக. இன்னைக்கோ நாளைக்கோ ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கப் போறீக. சின்னய்யாவுக்குக் கொள்ளி வைக்கப் போறது யாரு? நாந்தானே? காட்டையும் எங்கையில விட்டுட்டா நான் பாத்துக்கிட மாட்டேனா?"

ஏர் வராது என்று எனக்கே புரிந்துவிட்டது. ஆத்தா வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னாள். அய்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் தூக்குவாளியோடு கிளம்புகிறேன், அக்கா தோளில் நுகத்தடியோடு தொழுவத்திலிருந்து வருகிறாள்.

"ஏட்டி, அதை எங்க தூக்குத?" என்று ஆத்தா கத்தினாள்.

"காட்டுக்கு."

"வேண்டாம்டி. ஊரு நம்மளைக் கருவறுத்துரும்."

"ஊரெல்லாம் விதைச்சுக்கிட்டிருக்கு ஆத்தா. நம்ம காடுதான் தரிசாக் கிடக்கு."

நான் தூக்குவாளியை வைத்துவிட்டு விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தைரியத்தில் போகவில்லை. அக்காவைத் தனியாக விடப் பயந்து போனேன். அவள் காளைகளைப் பூட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, மேழியில் கை வைத்தபோது நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். இடி விழும் என்று நிச்சயமாக நம்பினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் மண் புரண்டு கிடக்கிறது, ஒரு கரிச்சான் குருவி வந்து புழு பொறுக்குகிறது. அக்கா ஏற்கனவே தூரத்தில் இருந்தாள்.

"விதையப் போடுடி, வேடிக்கை பாக்காத!" என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. கருத்தப்பாண்டி தன் ஏரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். எங்களுக்கு ஏர் கொண்டுவர முடியாதவருக்கு ஏச வர நேரம் இருந்தது. கூட ஊர்ப் பெரியவர் சீனிவாசகம், இன்னும் நாலைந்து ஆம்பளைகள்.

"ஏ கிறுக்கி! மேழிய விடுடி! ஊரை அளிக்கவா பிறந்திருக்க?"

"ஏரு தாரேன்னீகளே அண்ணே. கொண்டாந்துட்டீகளா?"

சீனிவாசகம் முன்னால் வந்தார். அவர் கத்த மாட்டார், குழைந்துதான் பேசுவார். "தாயி, சொன்னாக் கேளு. பூமாதேவி சாபம் பொல்லாதது."

"பூமாதேவி எங்காலுக்குக் கீளதான் கிடக்காக பெரியய்யா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. உங்க காதுல மட்டும் வந்து சொல்லுதாகளா?"

பின்னால் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை சீனிவாசகம் மன்னிக்கவே இல்லை. சிரித்தவரை விட்டுவிட்டார். சிரிக்க வைத்தவளை மன்னிக்கவில்லை.

ஈரம் காய்வதற்குள் காடு முழுவதையும் உழுது விதைத்துவிட்டாள். உள்ளங்கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, அதன்மேல் துணி சுற்றிக்கொண்டு உழுதாள். விதை முளைத்தது. ஊர்க்காடு எல்லாம் முளைத்த மாதிரியே எங்கள் காடும் முளைத்தது. அதன்பிறகு வானம் ஒரு சொட்டு இறக்கவில்லை. ஊர்க்காடு எல்லாம் வாடிய மாதிரியே எங்கள் காடும் வாடியது.

சரி, மழை பெய்யவில்லை. முன்னால் எத்தனை வருஷம் பெய்யாமல் போயிருக்கிறது! அப்போதெல்லாம் எந்தப் பொம்பளை உழுதாள்? ஒருத்தரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. கிணற்றடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்துகொண்டன. எங்கள் வீட்டைத் தாண்டும்போது காறித் துப்பினார்கள். கார்த்திகை பிறந்தும் மழை இல்லை என்றதும் காளியம்மன் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அய்யாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். பொம்பளைகள் ஓரமாக நின்றோம்.

சீனிவாசகம் தீர்ப்பைச் சொன்னார். வெள்ளைத்தாய் அந்த ஏரை மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். அதன் முன்னால் விழுந்து, இனித் தொட மாட்டேன் என்று ஊர் அறியச் சத்தியம் செய்ய வேண்டும். காட்டைக் கருத்தப்பாண்டி கையில் விட வேண்டும். இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டி இழுப்பது.

கொடும்பாவி எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். மழை இல்லாத வருஷம் வைக்கோலிலும் களிமண்ணிலும் ஒரு பொம்பளை உருவம் செய்து, ஊர்ப் பாவமெல்லாம் அவள்தான் என்று சொல்லி, தெருவெல்லாம் இழுத்துப்போய் ஊருக்கு வெளியே எரிப்பார்கள். பொம்பளைகள் மாரடித்து அழ வேண்டும். அந்த அழுகையில் வானம் இரங்குமாம். ஆனால் மற்ற வருஷங்களில் பாவிக்குப் பெயர் கிடையாது. முகம் கிடையாது. இந்த வருஷம் அவளுக்கு எங்கள் அக்கா பெயர்.

"விளுந்து கும்பிட்டுரு தாயி" என்றார் அய்யா. "ஊரோட ஒத்து வாளணும்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, சீனிவாசகத்தைப் பார்த்தாள். "நான் விளுந்தா மளை பெய்யுமா பெரியய்யா?"

"பெய்யும்."

"என்னைக்குப் பெய்யும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"விளுந்தும் பெய்யலைன்னா அடுத்து எந்த வீட்டுப் பிள்ளைய இளுப்பீக? அச்சங்குளத்துலயும் மளை இல்ல. சாத்தூருலயும் மளை இல்ல. அங்கனயும் நாந்தான் போய் உளுதேனா?"

"வாயைப் பாரு வாயை! பொட்டச்சிக்கு இம்புட்டு வாயா?" என்று கருத்தப்பாண்டி எழுந்தார்.

எனக்கு அப்போது என்ன வந்தது என்று தெரியாது. நாக்கு தானாகப் பேசியது. "பொன்னுத்தங்கத்துக்கு ரெண்டு கையும் வெந்துச்சே, அதுக்கு எந்தப் பாவிய இளுத்தீக? அப்ப உங்க பூமாதேவி எங்க போயிருந்தாக?"

ஆத்தா என் வாயிலேயே ஒன்று போட்டாள். உதடு கிழிந்தது. சீனிவாசகம் சாந்தமாகச் சொன்னார்: "அது பொளப்பு. இது தர்மம். ரெண்டையும் போட்டுக் குளப்பக் கூடாது." இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாக்கியம் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பெண்கள் வேகலாம், அது பிழைப்பு. உழக் கூடாது, அது தர்மம்.

அக்கா விழவில்லை. "கட்டி இளுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் கருத்தப்பாண்டி ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். "சின்னம்மா, அவ உளுதப்போ கட்டியிருந்த சேலை வேணும். பாவிக்குக் கட்டணும்."

அக்காவுக்கு இருந்ததே இரண்டு சேலை. உழும்போது கட்டியது அரக்குக் கண்டாங்கி, நல்லது அதுதான். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆத்தா போனாள், உருவினாள், மடித்துக்கூட மடித்தாள், கொடுத்தாள். பெற்றவள் அவள். எனக்கு அவளைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. "ஏன் ஆத்தா குடுத்த?" என்று கேட்டேன். "குடுக்காட்டி அவளையே இளுத்துட்டுப் போவாக" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

அன்றைக்கு உச்சிப் பொழுதுக்கு மேல் மேளச் சத்தம் கேட்டது. வைப்பாற்றங்கரைக்கு வண்டி கட்டிப்போய் நெல் வைக்கோல் வாங்கி வந்து செய்திருந்தார்கள். ஊரில் மாட்டுக்கு ஒரு பிடி கம்பந்தட்டை கிடையாது, பாவிக்குப் புது வைக்கோல். களிமண் முகம், கரியால் கண்ணு, மேலே எங்கள் அக்காவின் சேலை. கயிற்றின் முன்நுனி கருத்தப்பாண்டி கையில், பக்கத்தில் சீனிவாசகம். ஒப்பாரிக்குச் சுப்புத்தாய். அவளுக்கு மிஞ்சிய ஒப்பாரிக்காரி எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கள் வாசலுக்கு வந்ததும் வேண்டுமென்றே நிறுத்தினார்கள். சுப்புத்தாய் மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

கருக்கலெல்லாம் ஓடிப் போச்சே – கொடும்பாவி
காடெல்லாம் காஞ்சு போச்சே
மேழியத்தான் தொட்டதால – கொடும்பாவி
மேகமெல்லாம் வத்திப் போச்சே

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கிழிந்த அந்த இன்னொரு சேலையில் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாவி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சேலையை அவிழ்க்க ஆரம்பித்தாள். பொம்பளைகள் "அய்யய்யோ" என்று வாயைப் பொத்தினார்கள். வெறும் வைக்கோலுக்கு வெட்கம் பார்த்தார்கள்! சேலையை உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம் பாவியின் தொடையிலிருந்து இரண்டு கை நிறைய வைக்கோலைப் பிடுங்கி, வாசலில் கட்டியிருந்த எங்கள் காளைகளுக்கு முன்னால் போட்டாள்.

காளைகளுக்கு விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. தலையைத் தாழ்த்தி நறநறவென்று தின்றன. அவள் திரும்பிப்போய் ஒரு கையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

மேளம் நின்றுவிட்டது. சுப்புத்தாய் அடித்த கை மாரிலேயே நின்றது. பிறகு அவளுக்கு உதடு கோணியது. "ஏ ஆத்தீ! பாவி ருசியாத்தான் இருக்கா போலிருக்கே!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒப்பாரிக்காரி சிரித்த பிறகு மற்றவளெல்லாம் எங்கே அழுவது? ஒருத்தி, இன்னொருத்தி, பின்வரிசைப் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வெயிலில் மாரடித்து அடித்து அலுத்துப் போயிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கருத்தப்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. கயிற்றைத் தூக்கி எறிந்தார். "சிரிங்கடி, சிரிங்க. ஏ வெள்ளைத்தாயி, சின்னய்யா நேத்தே எனக்கு வாக்குக் குடுத்துட்டாரு. காடு இனி எங்காடு. நீ எங்க போய் உளுவேன்னு நானும் பாக்கேன்."

அக்காவுக்கு அது தெரியாது. கையில் வைக்கோலோடு அப்படியே நின்றாள். அய்யா கதவோரம் கட்டிலில் கிடந்தார். "நெசமா அய்யா?" என்று கேட்டாள். அவர் காலில் கட்டியிருந்த மூங்கில் பத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் என்ன செய்ய தாயி? ஊரோட ஒத்துப் போகணும்ல." ஊர் முழுக்க அவளைப் பாவி என்று இழுத்தபோது அழாதவள், அப்போது அழுதுவிட்டாள். அவ்வளவு உழுதும், அவ்வளவு தாங்கியும், கடைசியில் இரண்டு ஆம்பளைகள் கட்டிலோரம் பேசி முடித்த காரியம்.

அப்போதுதான் ஆத்தா உள்ளேயிருந்து வந்தாள். தலையைக் குனிந்தே நடந்து பழகியவள். ஊர்ப் பெரியவர் முன்னால் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"சேலை கேட்டீக, குடுத்தேன். இப்பக் காட்டையுமா?" என்றாள் கருத்தப்பாண்டியிடம். "சரி, எடுத்துக்கோ. காடு அவரு பேர்ல இருக்கு. ஆனா இந்தக் காளைக ரெண்டும் எங்க அய்யா எனக்குக் குடுத்த சீதனம். அவுத்துப் பாரு. விதைக்கம்பு எந் தானியக் குலுக்கைக்குள்ள கிடக்கு. ஒரு மணி வெளிய வராது."

"சின்னம்மா, நீங்க உள்ள போங்க."

"நீ யாருலே என்னைப் போகச் சொல்ல?" என்றாள் ஆத்தா. அவள் சீனிவாசகத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா, பொம்பளைக்குச் சீதனமா வந்த மாட்டுல ஆம்பளை கை வைக்கக் கூடாது. இதுவும் ஊரு வச்ச வளக்கம்தான? உங்க மகளுக்குக் குடுத்தனுப்புன பசுவுல அவ கொளுந்தன் கை வச்சா விடுவீகளா?"

சீனிவாசகத்துக்கு நாலு மகள்கள். நாலு பேருக்கும் மாடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுத்திருந்தார். ஊர் முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது. "அது… சீதனம் சீதனந்தான்" என்று முனகினார்.

"அப்பம் எம் மாட்டை எம் மக பூட்டுவா. எந்தக் காட்டுல பூட்டட்டும்னு இவரைக் கேளுங்க. இல்ல, உங்க எல்லார் காட்டுக்கும் ஓட்டிட்டு வரட்டுமா?"

எல்லாரும் அய்யாவைப் பார்த்தார்கள். அவர் பெரிய மனசு பண்ணி மகளைத் தூக்கி நிறுத்தினார் என்று கதை கட்ட மாட்டேன். வேறு வழி இல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கருத்தப்பாண்டி, காட்டை உனக்குக் குடுத்துட்டு இந்த மாட்டையும் விதையையும் வச்சு நாங்க என்ன செய்ய? காட்டை அவகளே வச்சுக்கிடட்டும். நான் குடுத்த வாக்கை எடுத்துக்கிட்டேன்."

மீதி இருந்த பாவியை அவர்கள் அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். தலையில் இருந்த களிமண்ணை உதிர்த்துவிட்டு அதையும் காளைகளுக்கே வைத்தோம்.

அதன்பிறகு ஊர் எங்களைத் தள்ளி வைத்தது. நாவிதர் வரவில்லை, வண்ணார் வரவில்லை, அடுப்புக்குக் கங்கு கேட்டால் யாரும் தரவில்லை. கார்த்திகை முடிகிற சமயம் மேற்கே கறுத்துக்கொண்டு ஒரு மழை வந்தது. அச்சங்குளத்திலும் பெய்தது, சாத்தூரிலும் பெய்தது. "பாத்தியா, கொடும்பாவி கட்டினது வீண் போகலை" என்றார்கள். எங்கள் காளைகள் தின்று சாணி போட்ட பாவி அது! கோவிலில் பொங்கல் வைத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டைத் தவிர.

அந்த மாதங்களில்தான் நான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வாசற்படியில் வேண்டுமென்றே நின்றேன். காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். தொழுவத்தில் மாடுகளுக்கு முன்னால் சீட்டியடித்துப் பழகினேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தேன் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. எத்தனை தலைமுறை இந்தப் படியை ஓடித் தாண்டியிருக்கும்!

அக்காவுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். இனிமேல் ஏரைத் தொட மாட்டாள் என்று சொல்லிவிட்டால் தட்டு மாற்றலாம். அவளே வெளியே வந்து, "காப்பியக் குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்பாள். அறுபது பிறந்து கொஞ்சம் கழித்து அச்சங்குளத்து முனியசாமி வந்தார். சிவகாசியில் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவர். "எனக்கு ஏர் எந்தப் பக்கம் முன்னாடின்னு கூடத் தெரியாது. நீ உளுதா எனக்கென்ன, உளாட்டி எனக்கென்ன?" என்றார். அவரைக் கட்டிக்கொண்டாள். வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் நக்கல் அடித்தது. அவர் காதில் மிஷின் சத்தமே கேட்டுக்கொண்டிருக்கும், ஊர்ச் சத்தம் ஏறவில்லை. நானும் அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்பெனிக்குப் போவதை விட்டுவிட்டேன். பொன்னுத்தங்கத்தின் தங்கச்சியால்தான் விட முடியவில்லை. அந்த வீட்டில் காடு இல்லை.

ஒருத்தராவது பின்னால் வந்து, "தாயி, தப்புப் பண்ணிட்டோம்" என்று சொன்னார்களா? இல்லை. சீனிவாசகம் சொல்லாமலே செத்தார். எங்கள் ஊரில் ஆம்பளைக்கு அந்த வார்த்தை வராது. வேறு எப்படியாவதுதான் வரும்.

அந்தக் கொடும்பாவிக்கு மறு வருஷம், ஐப்பசியில், ஈரம் இருக்கும்போதே அக்கா ஏர் பூட்டினாள். இந்த முறை ஆத்தாவே பின்னால் விதைப்பெட்டியோடு நடந்தாள். நான் எருவை இறைத்துக்கொண்டிருந்தேன். ஊர் ஆம்பளைகள் பக்கத்துக் காடுகளில் உழுதுகொண்டிருந்தார்கள். யாரும் ஓடி வரவில்லை, யாரும் சாபம் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. கருத்தப்பாண்டி தன் ஏரை எங்கள் வரப்போரம் கொண்டுவந்து நிறுத்தினார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏ பிள்ளை," என்று கூப்பிட்டார். "சால் கோணுதுல்ல, அங்கன பாரு."

அக்கா காளைகளை நிறுத்தவே இல்லை. "கோணினாக் கோணட்டும் அண்ணே. எங்காடுதான கோணுது? உங்க களுத்து ஏன் சுளுக்குது?"

ஆத்தா விதைப்பெட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அந்தக் கோணல் சாலிலேயே விதையைப் போட்டுக்கொண்டு போனாள்.